துருவா: ஒரு விளையாட்டுக் கூடத்தின் கதை

குற்றாலத்தில் சீசன் நடக்கும்போது பேரருவிக்குப் போகும் வழியில் இருபுறமும் கடைகள் முளைத்துவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நேந்திரங்காய் வறுவல், மங்குஸ்தான், ரம்புட்டான், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் நடுவே விளையாட்டுச் சாமான் கடைகளும் இருக்கும். 1990களில் அக்கடைகளில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சாம்பல் நிறத் திரையில் சிறு சிறு கட்டங்கள் மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். சாரலில் நனைந்தபடி அதைக் கையில் வாங்கி இரண்டு நிமிடம் ஆடிப் பார்த்து, விலையைக் கேட்டதும் மரியாதையாகத் திருப்பித் தொங்கவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். பெட்டியின் முதுகில் சீனாவில் செய்யப்பட்டது என்று எழுதியிருக்கும்.

பெட்டி சீனாவில் செய்ததுதான். ஆனால் விளையாட்டு பிறந்த இடம் மாஸ்கோ. சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜிட்னோவ் என்பவர் 1984ஆம் ஆண்டு எலக்ட்ரோனிகா 60 என்ற கணிப்பொறியில் அதை எழுதினார். டெட்ரிஸ் என்பது அதன் பெயர். உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் அதை ஆடினார்கள். எழுதியவருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? உரிமையை அவர் பத்தாண்டுகளுக்குத் தம் அரசாங்கத்திடம் விட்டுக்கொடுத்திருந்தார். 1996ஆம் ஆண்டில்தான் அவருக்கு உரிமைப் பணம் வரத் தொடங்கியது. விளையாட்டைப் படைப்பவர் ஒருவர், அதற்கு உடைமைக்காரர் இன்னொருவர் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பார்க்கப்போகும் கதையில் இது மீண்டும் வரும்.

நம் நாட்டில் எவரும் இத்தகைய விளையாட்டுகளைச் செய்து உலகச் சந்தைக்கு அனுப்ப முயலவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். முயன்றார்கள். தென்காசியில் மாலையில் பஸ் ஏறினால் மறுநாள் காலையில் போய் இறங்கும் பெங்களூரில்தான் அந்த முயற்சி நடந்தது. 1997ஆம் ஆண்டு ராஜேஷ் ராவ் என்பவர் அங்கே துருவா இன்டராக்டிவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வீடியோ விளையாட்டுகளைத் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்டு இந்தியாவில் தோன்றிய முதல் கூடங்களில் அது ஒன்று. இருபத்திரண்டு ஆண்டுகள் நடந்தது. இன்று அந்தப் பெயரில் நிறுவனம் இல்லை.

அது தொடங்கிய காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் கிடைத்தது. விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற அரசு நிறுவனம் ஒன்றே அதை வழங்கிவந்தது. தனியார் அத்துறையில் நுழைய 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெலிபோன் கம்பி வழியே மோடம் என்னும் கருவியைக் கொண்டுதான் செய்தி போகும். விநாடிக்கு 28,800 துணுக்குகளை அனுப்பும் மோடம் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பில் எட்டேகால் கோடிக்கு மேற்பட்ட துணுக்குகள் உண்டு. வகுத்துப் பாருங்கள்: கம்பி ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தாலும் 48 நிமிடம் ஆகும். கம்பி அறுந்துபோகாமல் இருக்காது என்பது அந்தக் காலத்து டெலிபோனைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். விளையாட்டுத் தயாரிப்பைக் கற்றுத்தரும் கல்லூரியும் அப்போது இங்கு இல்லை. செய்து செய்துதான் கற்க வேண்டும்.

இந்த நிலையில் 1998ஆம் ஆண்டு துருவாவுக்கு ஒரு பெரிய ஒப்பந்தம் கிடைத்தது. பிரான்ஸ் நாட்டின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் மிஷன் இம்பாசிபிள் என்ற ஹாலிவுட் படத்தை ஒட்டி ஒரு விளையாட்டை வெளியிட்டது. அது ஜப்பானிய நின்டெண்டோ 64 பெட்டிக்காகச் செய்யப்பட்டது. அதையே சாதாரணக் கணிப்பொறியிலும் ஆடும்படி மாற்றித் தரும் வேலை பெங்களூருக்கு வந்தது.

ஏற்கெனவே தயாரான விளையாட்டைத்தானே மாற்றுகிறார்கள், இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். நின்டெண்டோ 64 பெட்டிகள் அனைத்தும் உள்ளே ஒரே மாதிரியானவை. எல்லாவற்றிலும் ஒரே வேகத்தில் ஓடும் அதே செயலி, அதே நான்கு மெகாபைட் நினைவகம், படம் வரைய அதே சில்லு. கேசட்டைச் செருகினால் எந்த வீட்டிலும் ஒரே விதமாக ஓடும். கணிப்பொறி அப்படி இல்லை. ஒரு வீட்டில் வேகம் அதிகம், இன்னொன்றில் குறைவு. ஒன்றில் படம் வரையும் தனி அட்டை உண்டு, மற்றொன்றில் இல்லை. ஒரு பூட்டுக்குச் செய்த சாவியை எடுத்துக்கொண்டு தெருவிலுள்ள எல்லா வீட்டுப் பூட்டையும் திறக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? மாற்றுபவர் அந்த ஒரே சில்லை நம்பி எழுதிய வரிகளையெல்லாம் தேடிப் பிடித்துத் திருப்பி எழுத வேண்டும்.

நின்டெண்டோ விளையாட்டு 1998இல் வெளிவந்தது. கணிப்பொறிப் பதிப்பு கடைக்கு வரவே இல்லை. அத்திட்டம் கைவிடப்பட்டது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு இந்தியக் கூடம் செய்துகொண்ட முதல் பெரிய ஒப்பந்தத்தின் விளைவாக இன்று எவரும் எடுத்து ஆடக்கூடிய பொருள் எதுவும் மிஞ்சவில்லை. வேலை செய்தவர்களின் கையில் பழக்கம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பழக்கமே கூடத்தைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

அதற்குக் காரணம் உலகச் சந்தையில் அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு மாற்றம். இதைப் புரிந்துகொள்ள, விளையாட்டில் ஓடும் ஒரு கார் எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும்.

கணிப்பொறி வளைவுகளை நேரடியாகக் கையாள விரும்புவதில்லை. அதற்கு முக்கோணங்களே எளிது. ஆகவே காரின் உடலை முக்கோணங்களால் ஆன வலையாகப் பின்னுகிறார்கள். முன்கண்ணாடி, கதவு, சக்கரம் எல்லாம் முக்கோணங்களே. இது சிற்பி வேலை. அடுத்தது ஓவியர் வேலை. பின்னிய வலைக்கு நிறம் கிடையாது. ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேஜைமேல் பரப்புவதுபோல் வலையை விரித்துச் சமதளமாக்கி, அதன்மேல் பெயின்ட், துரு, சேறு, எழுத்து ஆகியவற்றை வரைந்து மறுபடியும் உடலில் போர்த்துகிறார்கள். குற்றாலத்தில் கோயிலுக்குத் தனியே, செப்புத் தகடு வேய்ந்த கூரையின் கீழ் சித்திர சபை இருக்கிறதல்லவா? அங்கே சுவர் வெறும் சமதளம்தான். உள்ளே போய் நின்றால் உருவங்கள் நம்மைச் சூழ்ந்து நிற்பதாகத் தோன்றுகிறது. மேற்பரப்பில் வரைந்த நிறமும் நிழலும் செய்யும் வேலை அது. விளையாட்டின் ஓவியரும் இதே தந்திரத்தை நம்பித்தான் பிழைக்கிறார். முக்கோணங்களால் காட்ட முடியாத நுணுக்கத்தைத் தூரிகையால் காட்டுகிறார்.

இன்னொரு தந்திரமும் உண்டு. தென்காசிக் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒன்பதாம் நிலையில் இருக்கும் சுதைப் பொம்மையின் கண்ணிமை உங்களுக்குத் தெரிகிறதா? தெரியாது. கணிப்பொறி அந்த இமைக்காக ஒரு கணம்கூடச் செலவிட விரும்பாது. அதனால் ஒரே காரை மூன்று நான்கு விதமாகச் செய்து வைக்கிறார்கள். அருகில் வரும்போது நுணுக்கமான கார், சற்றுத் தள்ளிப் போனால் அதைவிடக் குறைந்த முக்கோணங்களால் ஆன கார், தொடுவானத்தில் ஒரு பெட்டிபோன்ற கார். ஆடுபவருக்குத் தெரியாமல் ஒன்று போய் மற்றொன்று வரும். தெரிந்துவிட்டால் செய்தவருக்கு அவமானம்!

1990களின் இறுதியில் ஒரு காருக்குச் சில நூறு முக்கோணங்கள் போதுமானவையாக இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் வந்த பெட்டிகளுக்கு அதுவே ஆயிரக்கணக்கில் ஆயிற்று. அதற்கும் பிறகு, காரைச் சுற்றி வந்து கதவைத் திறந்து பார்க்கும் காட்சிகளுக்கு லட்சக்கணக்கில் போயிற்று. சில்லுகளின் வேகம் தானாக ஏறிக்கொண்டே போனது. ஆனால் முக்கோணங்களைப் பின்னும் மனிதக் கை வேகமாகவில்லை. ஒருவர் சில நாட்களில் முடித்த வேலைக்கு வாரங்கள் தேவைப்பட்டன. ஒரு பந்தய விளையாட்டில் நூற்றுக்கணக்கான கார்கள் இருக்கும். இத்தனை கைகளுக்கும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் அங்குள்ளவர்கள் வெளியே தேட ஆரம்பித்தார்கள்.

துருவா இந்த வழியைப் பிடித்துக்கொண்டது. முழு விளையாட்டுகளைவிட, பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கு வேண்டிய கார், கட்டடம், ஆயுதம், மரம், மனித உருவம் ஆகியவற்றைச் செய்து கொடுப்பது அதன் முக்கியத் தொழிலாயிற்று. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஃபோர்ஸா என்ற கார்ப் பந்தய வரிசையில் அதன் உழைப்பு இருக்கிறது. சீ ஆஃப் தீவ்ஸ், டேஸ் கான் போன்ற பெரிய விளையாட்டுகளிலும் இருக்கிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர் தாமஸ் ஃபிரீட்மன் 2005இல் வெளியிட்ட உலகம் தட்டையானது என்ற பொருள்படும் புத்தகத்தில் ராஜேஷ் ராவைச் சந்தித்ததைப் பற்றி விரிவாக எழுதினார். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு உலகம் முழுவதற்கும் வேலை செய்யலாம் என்பதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் துருவாவும் ஒன்று.

அதே புத்தகத்தில் ஒரு சிறு செய்தி வருகிறது. கைபேசி விளையாட்டுகளில் சார்லி சாப்ளினின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் துருவா விலைக்கு வாங்கியிருந்தது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. பிறருக்காக உதிரி பாகங்கள் செய்துகொண்டிருந்த ஒரு கூடம், தன் கையிலும் சொந்தமாக ஓர் உருவம் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறது பாருங்கள். தொழிற்சாலை யந்திரத்தின் பற்சக்கரங்களுக்கிடையே மாட்டிக்கொண்டு உருண்டவரின் உருவம் வேறு!

ஆனால் துருவா என்று சொன்னதும் ஒரு சிறுவனின் நினைவுக்கு வரும்படியான சொந்த விளையாட்டு எதுவும் நிலைபெறவில்லை. இது அவர்களுடைய திறமைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். உதிரி பாகத் தொழிலில் மாதம் பிறந்தால் பணம் வரும். சொந்த விளையாட்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் பணத்தைக் கொட்டி, பிறகு ஓடுமா ஓடாதா என்று காத்திருக்க வேண்டும். நம் நாட்டுச் சந்தையோ அப்போது திருட்டுத் தட்டுகளால் நிரம்பியிருந்தது. நூற்றுக்கணக்கான பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

பெயர் மறைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவீடன் நாட்டின் ஸ்டார்பிரீஸ் நிறுவனம் துருவாவின் பெரும்பகுதிப் பங்குகளை வாங்கப்போவதாக 2016 டிசம்பரில் அறிவித்தது; அடுத்த ஆண்டு வாங்கியும் விட்டது. 2018இல் ஸ்டார்பிரீஸ் பெரும் செலவில் வெளியிட்ட வாக்கிங் டெட் விளையாட்டு விலைபோகவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அந்த நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. கையிலிருந்தவற்றை விற்றாக வேண்டும். 2019 மே மாதத்தில் துருவாவின் 91.82 சதவீதப் பங்குகள் 79 லட்சம் டாலருக்குக் கைமாறின. வாங்கியது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ விளையாட்டுகளை வெளியிடும் ராக்ஸ்டார். துருவாவில் அப்போதிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்டோர் ராக்ஸ்டாரின் பெங்களூர்க் கூடத்தில் சேர்க்கப்பட்டார்கள். கதவு பூட்டப்படவில்லை, பெயர்ப்பலகை மட்டும் இறங்கியது. சுவீடனில் ஒரு விளையாட்டு தோற்றது. பெங்களூரில் ஒரு பெயர் போயிற்று.

மும்பையில் 1999இல் விஷால் கோண்டல் தொடங்கிய இந்தியாகேம்ஸ் நிறுவனத்துக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது. 2007இல் யு.டி.வி. அதை வாங்கியது, 2012இல் யு.டி.வி.யை டிஸ்னி வாங்கியது, 2016இல் டிஸ்னி இந்தியாவில் விளையாட்டுத் தொழிலை நிறுத்திக்கொண்டது. வாங்கியவர் மனம் மாறினால் வாங்கப்பட்டதன் ஆயுள் முடிந்தது.

இப்போது நீங்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். நிறுவனங்கள் தோன்றுவதும் மறைவதும் சகஜம். சென்னையில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோகூடத்தான் இல்லை. மேம்பாலத்துக்கு மக்கள் வைத்த பெயரில் மட்டும் அது வாழ்கிறது. அதனால் என்ன?

ஜெமினி போனாலும் 1948இல் அது எடுத்த சந்திரலேகாவை நாம் இன்றும் பார்க்கலாம். படச்சுருள் இருந்தால், ஒளியும் ஒரு வில்லையும் இருந்தால் போதும், படம் தெரியும். வீடியோ விளையாட்டு அப்படிப்பட்டதன்று. அதை ஓட்ட அதற்கென்று செய்த பெட்டி வேண்டும். பெட்டிக்குள் அந்தக் காலத்துச் சில்லு வேண்டும். சில விளையாட்டுகளுக்கு எங்கோ ஒரு நாட்டில் ஒரு கணிப்பொறி அணையாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இத்தனையும் இருந்தாலும் உரிமைப் பத்திரம் காலாவதியாகிவிட்டால் விற்க முடியாது. ஃபோர்ஸா வரிசையையே பாருங்கள். அதில் ஓடும் கார்கள் உண்மையான கம்பெனிகளின் கார்கள். கம்பெனிகளிடம் வாங்கிய அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. 2018இல் வெளிவந்த ஃபோர்ஸா ஹொரைசன் 4 விளையாட்டின் விற்பனை 2024 டிசம்பர் 15 அன்று நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தியவையும் இப்படியே ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து இறங்கின. சித்திர சபையின் ஓவியத்துக்குப் பகை ஈரமும் புகையும். விளையாட்டின் ஓவியத்துக்கோ தேதி குறித்த ஒரு காகிதமே போதும்.

அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை என்ற அமைப்பு 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் விலைக்குக் கிடைப்பதில்லை என்று அது கண்டது. கணக்கெடுக்க ஆள் இருக்கும் நாட்டின் நிலை இது. நம் நாட்டில் பழைய கூடங்களின் நிரல்களையும் வரைபடங்களையும் பெற்றுப் பாதுகாக்கும் வேலையை ஏதாவது ஒரு பல்கலைக்கழகமோ அருங்காட்சியகமோ எடுத்துக்கொள்ளலாம். பெரிய செலவு ஆகாது. தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைப் பழுதுபார்த்துக் காப்பவர்களின் காலில் தான் இப்போதே விழுந்து வணங்குவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். பதினைந்தாம் நூற்றாண்டு அரசன் அவன். இடையில் சிதைந்து நின்ற கோபுரத்தை 1990இல் மீண்டும் முழுமையாக எழுப்பினார்கள். கட்டுபவனே காப்பவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மென்பொருள் எழுதுபவர்கள் மிகச் சிலருக்கே இந்தக் கவலை உண்டு.

தென்காசி வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஊருக்கு அருகே மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் 2011 முதல் மென்பொருள் செய்துவருகிறது. அது விளையாட்டுக் கூடம் அன்று, வியாபாரக் கணக்கு வழக்குகளுக்கான மென்பொருள் செய்யுமிடம். ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே எழுதப்படுவது அந்த நிறுவனத்தின் பெயரிலேயே உலகத்தில் விற்கிறது. துருவாவின் கார்கள் இன்னொருவர் பெயரில் ஓடின. பெங்களூரிலிருந்த கைகளுக்கும் தென்காசியிலுள்ள கைகளுக்கும் திறமையில் வித்தியாசம் இல்லை. தூரமும் இப்போது தடையில்லை, முன்பு 48 நிமிடம் எடுத்த அந்தக் கோப்பு இன்று சில விநாடிகளில் போய்விடும். முக்கோணங்களைப் பின்னும் மென்பொருளைக்கூட இன்று காசு கொடுக்காமல் பெறலாம். பிளென்டர் என்பது அதன் பெயர். உங்கள் வீட்டுப் பிள்ளை விளையாட்டுத் துறைக்குப் போக விரும்பினால் அவனிடமோ அவளிடமோ சம்பளத்தை மட்டும் கேட்காமல், செய்த பொருள் கடைசியில் யாருக்குச் சொந்தம் என்றும் கேளுங்கள்.

துருவாவின் பெயர் முழுவதும் அழிந்துவிட்டதா என்றால், ஓர் இடத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய ஃபோர்ஸா தட்டு ஒன்று கிடைத்தால், பந்தயத்தை விட்டுவிட்டு, தயாரித்தவர்களின் பெயர்கள் ஓடும் பகுதிக்குப் போங்கள். சினிமாவின் முடிவில் வருவதுபோல் நூற்றுக்கணக்கான பெயர்கள் மேலே ஏறிக்கொண்டே போகும். வெளிக் கூடங்களின் பட்டியல் வரும்போது உற்றுப் பாருங்கள். பிள்ளைகள் பொத்தானை அழுத்தித் தாண்டப் பார்ப்பார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டியல் நீளமானது, ஒரு டம்ளர் காப்பியோடு உட்காருவது நல்லது.